கணக்குப்பிள்ளை எழுத்து

“யாரு இந்த ஃபாண்ட்ட மாத்துனது?” என்று அவர் கேட்டபோது அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

காலையில் வேலை தொடங்கும் நேரம். முன்னறையில் இரண்டு மேசைகள் எதிரெதிரே கிடந்தன. ஒன்று அவருடையது, மற்றது அவளுடையது. கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து இணையதளம் செய்து கொடுக்கும் தொழில். உள்ளே ஓடும் நிரலெல்லாம் அவர் பாடு, வெளியே தெரியும் அழகெல்லாம் அவள் பாடு. எழுத்துரு மட்டும் யார் பாடு என்று இன்றுவரை தீரவில்லை. பக்கத்து வீட்டுச் சுவர்த் தகராறு மாதிரி அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. அவள் ஆசையாக ஒரு எழுத்தைத் தேர்ந்து வைப்பாள். அவர் அவளுக்குத் தெரியாமல் அதைத் தூக்கிவிட்டுத் தன்னுடையதைப் போடுவார். அவள் திரும்ப மாற்றுவாள். அதனால் யார் மாற்றியது என்ற கேள்வி அந்த வீட்டில் புதிதல்ல.

“நான் தொடவே இல்ல. நேத்து நீங்க விட்டது விட்ட மாதிரியே இருக்கு,” என்றாள்.

“விளையாடாத. என்ன கண்றாவி இது? எந்த ஊரு எழுத்துன்னே தெரியல. கோழி கிளறுன மாதிரி இருக்கு.”

அவள் எழுந்து வந்து அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். திரையில் அவர்கள் செய்துகொண்டிருந்த மருத்துவமனை இணையதளத்தின் பக்கம் இருந்தது. நேற்று அவரே கூர்ந்து பார்த்து வைத்த அதே எழுத்து. ஒரு புள்ளிகூட இடம் மாறவில்லை.

“சரியாத்தானே இருக்கு?”

“இது சரியா?” அவர் கோபமாகத் திரும்பினார். திரும்பிய வேகத்தில் வலது முழங்கை மேசை விளிம்பில் இருந்த தண்ணீர்க் குவளையைத் தட்டிவிட்டது. குவளை அங்கே இருந்ததே அவருக்குத் தெரியவில்லை. கீழே விழுந்து உடைந்ததையும் அவர் பார்க்கவில்லை, சத்தம் வந்த பக்கம் பொத்தாம்பொதுவாகத் தலையைத் திருப்பினார். அப்போதுதான் அவளுடைய சிரிப்பு நின்றது.

மேசையில் கிடந்த மாத்திரை அட்டையை எடுத்து அவரிடம் நீட்டினாள். “இதுல என்ன போட்டிருக்கு?”

அவர் வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“இதுலயும் மாத்திட்டாங்களா?” என்று கேட்டார். இந்தத் தடவை குரலில் கோபம் இல்லை.

தொழில் வட்டாரத்தில் அவருக்குக் ‘கட்டம்’ என்று பெயர். எந்தக் கூட்டத்துக்குப் போனாலும், யார் எவ்வளவு அழகான எழுத்துருவைக் காட்டினாலும், “பழைய போன்ல இது கட்டம் கட்டமா வரும்” என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார். முதலில் முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டார்கள், அப்புறம் முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள். அவருக்கு அதில் வருத்தம் இல்லை. எழுத்துருக்களுக்கு அவரும் பட்டப்பெயர் வைத்திருந்தார். வளைவும் நெளிவுமாக, பார்த்த உடனே மயக்குகிற எழுத்துக்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயர். “கல்யாணத்தன்னிக்கு மட்டும் நல்லா இருக்கும். மறுநாள் வேலைக்குக் கூப்பிட்டா வராது.” எந்த அலங்காரமும் இல்லாமல், எந்தக் கருவியிலும் எந்த நேரத்திலும் முழுசாக வந்து நிற்கிற எழுத்துக்குக் ‘கணக்குப்பிள்ளை’ என்று பெயர். “மூஞ்சி சுமார்தான். ஆனா மழைன்னாலும் வெயில்னாலும் ஆபீசுக்கு வந்துரும்.”

அவள் கேலி செய்வாள். “உங்களப் பாத்தப்புறம்தான் எனக்கும் கணக்குப்பிள்ளைன்னா என்னன்னு புரிஞ்சுது.”

அப்படிப்பட்டவருக்குத்தான் இது வந்தது.

மருத்துவமனையில் மூளைப் படம் எடுத்தார்கள். மூளையின் பின்பகுதியில், இடப்பக்கம், ரத்தம் போகாமல் ஒரு சின்ன இடம் செத்துப்போயிருந்தது. கை கால் விழவில்லை. வாய் கோணவில்லை. பேச்சு தெளிவாக இருந்தது. மருத்துவர் ஒரு காகிதத்தையும் பேனாவையும் கொடுத்து, மனசில் தோன்றுவதை எழுதச் சொன்னார். அவர் கடகடவென்று எழுதினார், நல்ல கையெழுத்து. மருத்துவர் காகிதத்தை வாங்கிவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வேறு ஏதோ பேசினார். அப்புறம் அதே காகிதத்தை அவரிடம் நீட்டி, “இதப் படிங்க,” என்றார்.

அவர் உற்றுப் பார்த்தார். காகிதத்தைக் கிட்டே கொண்டுவந்தார், தள்ளிப் பிடித்தார்.

“இது யாரு எழுதுனது டாக்டர்?”

“நீங்கதான் சார். இப்பதான் எழுதுனீங்க.”

அவள் எட்டிப் பார்த்தாள். ‘எனக்கு ஒன்றும் இல்லை. வேலை கிடக்கிறது, வீட்டுக்கு அனுப்புங்கள்’ என்று எழுதியிருந்தது. ஒரு பிழை இல்லை.

வெளியே நடையில் வைத்து மருத்துவர் அவளுக்கு விளக்கினார். கண் பார்க்கிறது, எழுத்தின் உருவம் உள்ளே போகிறது. சொல்லும் பொருளும் இருக்கிற இடமும் நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருந்த பாதை அறுந்துவிட்டது. அதனால் எழுத வரும், படிக்க வராது. வலப்பக்கப் பார்வையிலும் பாதி போயிருக்கிறது, அதற்குக் கொஞ்ச நாளில் பழகிவிடுவார்.

“திரும்ப வருமா டாக்டர்?”

“சிலருக்கு எழுத்து எழுத்தாக் கூட்டிப் படிக்கிற அளவுக்கு வரும். பயிற்சி குடுப்போம்.”

“பழைய மாதிரி?”

மருத்துவர் பதில் சொல்வதற்கு முன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

செய்தி கேட்டு நாத்தனார் பெட்டியோடு வந்து இறங்கினாள். அவருக்கு மூத்தவள். துணி தைக்கும் கடை வைத்திருந்தவள், எதையும் அளவெடுத்து வெட்டிப் பேசுகிறவள். மருத்துவர் சொன்னதெல்லாம் அவள் காதில் ஏறவில்லை.

“கண்ணுதான்டா. எந்நேரமும் அந்தப் பெட்டியவே மொறச்சுப் பாத்துக்கிட்டு இருந்தா கண்ணு என்னத்துக்கு ஆகும்? கண்ணாடிய மாத்து, எல்லாம் சரியாப் போயிரும்.”

“அக்கா, கண்ணு நல்லா இருக்கு. உன் சட்டைப் பொத்தான்ல ஒண்ணு வேற கலரு, அதுவரைக்கும் தெரியுது.”

“அப்ப இத மட்டும் ஏன் படிக்க மாட்டேங்குற?”

நாத்தனார் கடைக்குக் கூட்டிப் போய் ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டாள். அடுத்த வாரம் இன்னொன்று. மூன்றாவது கண்ணாடிக்குக் கிளம்பியபோது அவள் மறித்தாள்.

“அண்ணி, போதும். விடுங்க.”

“நீ சும்மா இரும்மா. கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கச் சொல்றியா?” என்று சொல்லும்போதே நாத்தனாரின் குரல் உடைந்தது. சமையலறைக்குள் போய் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் பாத்திரம் கழுவினாள்.

திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும் குரல் மென்பொருளை அவள் ஏற்றிக் கொடுத்தாள். மருத்துவரே சொன்ன யோசனைதான் அது. செய்தி கேட்க அது சரிப்பட்டது. நிரல் எழுதத்தான் சரிப்படவில்லை. அவர் விரல்கள் பழக்கத்தில் விசைப்பலகைமேல் ஓடும், எழுதியதைத் திரும்பிப் பார்க்க முடியாது. குரலோ அடைப்புக்குறி திறப்பு, அரைப்புள்ளி, அடைப்புக்குறி மூடல் என்று உணர்ச்சியே இல்லாமல் ஒப்பித்துக்கொண்டு போகும். எங்கே பிழை என்று பிடிப்பதற்குள் அது பத்து வரி தாண்டியிருக்கும். சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். பிறகு ஒருநாள் இயர்போனைக் கழற்றிச் சுருட்டி அவள் மேசையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

மருத்துவமனை வேலை அப்படியே நின்றது. அது அவருக்கு நோய் வருவதற்கு முன்பே ஒப்புக்கொண்ட வேலை. மருத்துவமனையின் இணையதளத்தில் தமிழ்ப் பக்கங்கள் முழுவதும் இவர்கள் பொறுப்பு. அறுவைச் சிகிச்சைக்கு முன் என்ன சாப்பிடலாம், எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும், எந்த வாசல் வழியாக வர வேண்டும் என்று நோயாளிகள் கையில் போனை வைத்துக்கொண்டு படிக்கிற பக்கங்கள். கடைசியாக மிச்சமிருந்தது எழுத்துருவை முடிவு செய்வதுதான். மருத்துவமனையின் தகவல் அதிகாரிக்கு, புதிய சின்னத்தில் இருக்கிற மாப்பிள்ளை எழுத்தே எல்லாப் பக்கத்திலும் வர வேண்டும் என்று ஆசை. கூடாது என்று இவர் சொல்லிவைத்திருந்தார். கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்று அப்போது தள்ளிப்போட்டார்கள்.

இப்போது அந்த வேலை முழுக்க அவள் தலையில்.

அவள் எழுத்துருக்களை வரிசையாக எடுத்துப் பார்க்க உட்கார்ந்தாள். முன்பெல்லாம் அவள் கண்ணுக்கு முதலில் படுவது அழகு. இப்போது அவர் சொல்லிச் சொல்லிச் சலிக்க வைத்ததெல்லாம் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. ஓர் எழுத்துருவில் கொம்பு எழுத்தை விட்டு விலகித் தனியாக நின்றது. இன்னொன்றில் தடித்த எழுத்துக்கென்று தனியாக வரையவே இல்லை. பிரவுசர் தானாக மை தடவித் தடிப்பாக்கியதில் ணகரத்தின் சுழிகள் அடைத்துக்கொண்டன. மூன்றாவது, பார்க்க லட்சணமாக இருந்தது. ஆனால் எங்கோ தொலைவில் இருக்கும் கணினியிலிருந்து வந்து சேரும்வரை பக்கம் வெள்ளையாகவே இருந்தது. அவசரத்தில் வரும் ஒருவர், ஒன்றுமில்லை போல என்று மூடிவிட்டுப் போய்விடுவார். வேறொன்றில் ரகரமும் துணைக்காலும் ஒரே அச்சு. ‘ரா’ என்று போட்டால் இரண்டு கால்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

அவர் வந்து அவளுக்குப் பின்னால் நின்றார்.

“என்ன பாக்குற?”

“ஃபாண்ட்டுதான். ர-வும் காலும் வித்தியாசம் தெரியல.”

“ர-வுக்குக் கீழ வால் சாய்ஞ்சு எறங்குதான்னு பாரு. எறங்கலேன்னா தூக்கிப் போடு,” என்றார். சொன்னவர் திரையைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அன்றைக்கு அவளுக்கு அந்த எண்ணம் வந்தது. எல்லா எழுத்தும் அவருக்கு ஒரே மாதிரியாகவா தெரியும்? நல்ல தெளிவான, ஒன்றோடொன்று குழம்பாத ஓர் எழுத்து கிடைத்தால் அதன் வழியாகக் கொஞ்சமாவது உள்ளே போகாதா? அறுந்த பாதை எழுத்துருவால் ஒட்டாது என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. மருத்துவர் சொன்னபோது தலையாட்டியவள்தான். ஆனாலும் நாத்தனார் கண்ணாடிக்கடைக்கு அலைந்த மாதிரி அவள் எழுத்துருவுக்கு அலைந்தாள். குண்டு எழுத்து, ஒல்லி எழுத்து, பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் வரும் எழுத்து, கையெழுத்து மாதிரியான எழுத்து. பெரிதாக்கி, சின்னதாக்கி, கறுப்பில் வெள்ளையாக, மஞ்சளில் கறுப்பாக.

“இது?”

“தெரியல.”

“இது?”

“அதான் சொல்றேனே, தெரியலன்னு.”

வாரத்துக்கு ஒருமுறை மருத்துவமனையில் பயிற்சி. பயிற்சி கொடுக்கும் பெண் பொறுமைசாலி. எழுத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே விரலால் மேசைமேல் வரைந்து பார்க்கச் சொன்னாள். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரிந்தது! ஒரு கோடு இழுத்து, வளைத்து, சுழித்து, “ப... ட... ம்... படம்,” என்றார் அவர். ஒரு சொல்லுக்கே நெற்றியில் வியர்த்துவிட்டது. இருந்தாலும் அது ஒரு சொல். அன்றைக்கு வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் தொடைமேல் விரலால் கிறுக்கிக்கொண்டே வந்தார், கடைப் பலகைகளைக் கூட்டிப் படிக்கப் பார்த்தார். பேருந்து நகர்ந்துவிட்டதால் ஒன்றும் முடியவில்லை.

கடைசியில் அவள் ஓர் எழுத்துருவைக் கண்டுபிடித்தாள். சுத்தமான கணக்குப்பிள்ளை. ரகரத்தின் வால் சாய்ந்து இறங்கியது, சுழிகளுக்குள் காற்றோட்டம் இருந்தது. கோப்பு சின்னது, மருத்துவமனையின் கணினியிலேயே வைத்துக்கொள்ளலாம். அது வராமல் போனாலும் போனிலேயே இருக்கும் எழுத்து வந்து நிற்கும், வரிகள் குதிக்காது. அதில் ஒரு பக்கத்தை அமைத்து அவர் முன்னால் திரையைத் திருப்பி வைத்தாள்.

அவர் விரலால் வரைந்து பார்க்கவில்லை. அப்படியே பார்த்தார்.

“காலையில் வெறும் வயிற்றில் வரவும்,” என்றார்.

திரையில் அதுதான் இருந்தது.

“என்ன சொன்னீங்க?”

“காலையில் வெறும் வயிற்றில் வரவும். படிச்சிட்டேன்டி!” அவர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். “அக்கா! இங்க வா, அக்கா!”

நாத்தனார் ஈரக்கையோடு ஓடி வந்தாள். விஷயம் தெரிந்ததும் தம்பியின் கன்னத்தை ஈரக்கையாலேயே வழித்தாள். “நான்தான் சொன்னேனே, நான்தான் சொன்னேனே,” என்றாள். என்ன சொன்னாள் என்று யாரும் கேட்கவில்லை.

அவர்கள் இருவரும் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் அந்த வரியை அழித்துவிட்டு வேறொன்று போட்டாள். ‘மாலையில் உணவுக்குப் பின் மாத்திரை’. சந்தேகத்தால் அல்ல, இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்ற ஆசையால்தான் மாற்றினாள்.

“இது?”

அவர் குனிந்து பார்த்தார். முகம் முழுக்க வெளிச்சம்.

“காலையில் வெறும் வயிற்றில் வரவும்,” என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளை உலுக்கியது. அந்தப் பக்கத்தை மாதக்கணக்கில் நோண்டியவர் அவர். தலைப்புக்குக் கீழே, சின்னப் படத்துக்குப் பக்கத்தில் என்ன வரி இருக்கும் என்று அவருக்கு மனப்பாடம். அந்த நினைவு எழும்பி வந்து கண்ணால் படித்த மாதிரியே அவருக்குத் தோன்றியிருக்கிறது. தான் படித்ததாக அவர் உண்மையாகவே நம்பினார். நாத்தனாருக்கு அங்கிருந்து திரை தெரியவில்லை. அவள் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரியா?” என்று கேட்டார் அவர்.

“சரிதான்,” என்றாள் மனைவி.

சாயங்காலம் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். சாயங்காலம் அவர் முகம் மழித்துக்கொண்டு, பல வாரங்களுக்குப் பிறகு நல்ல சட்டை போட்டுக்கொண்டு, அக்காவோடு உட்கார்ந்து சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். காலையில் சொல்லலாம் என்று விட்டாள். காலையில் அவர் அவளுக்கு முன்பே மேசையில் உட்கார்ந்திருந்தார். “அந்த ஃபாண்ட்டே இருக்கட்டும். அதுல எனக்குத் தெரியுது,” என்றார். ஒவ்வொரு வேளை தள்ளும்போதும் வாய் இன்னும் இறுக்கமாக மூடிக்கொண்டது. பயிற்சிக்குப் போனால் தெரிந்துவிடும், அந்தப் பெண் பக்குவமாகச் சொல்லுவாள் என்று தனக்குத்தானே ஒரு சாக்கு வைத்துக்கொண்டாள். அந்த வாரம் பயிற்சி கொடுக்கும் பெண் விடுப்பில் போயிருந்தாள். மருத்துவமனைக் கூட்டம்தான் முதலில் வந்தது.

“நான் மட்டும் போய்ட்டு வந்துர்றேங்க. சின்ன வேலைதானே,” என்று சொல்லிப் பார்த்தாள்.

“ஃபாண்ட் பேச நான் இல்லாமயா? நல்ல கதையா இருக்கே,” என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். நாத்தனார் அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

மின்தூக்கியில் ஏறும்போது அவள் அவர் கையைப் பிடித்தாள். “ஏங்க, ஒரு விஷயம். அன்னைக்கு...” அதற்குள் சக்கர நாற்காலியோடு ஒருவர் உள்ளே வந்தார், அவருக்கு இடம்விட இருவரும் ஆளுக்கொரு மூலையில் ஒதுங்கினார்கள். கதவு திறந்ததும் தகவல் அதிகாரி எதிரே நின்றார்.

கூட்ட அறையில் நீள மேசை. ஒருபக்கம் தகவல் அதிகாரியும் அவருடைய உதவியாளரும் இருந்தார்கள், மறுபக்கம் நோயாளிகள் சார்பில் கருத்துச் சொல்ல வந்த தலைமைச் செவிலி. சுவரில் மாப்பிள்ளை எழுத்தில் அமைத்த பக்கத்தைக் காட்டினார்கள். அழகாகத்தான் இருந்தது.

அவர் எழுந்து பேசினார். அவள் பார்த்த நாளிலிருந்து அவர் அவ்வளவு நன்றாகப் பேசியதில்லை.

“இந்த எழுத்து உங்க புதுப் போன்ல ஜம்முனு இருக்கும். இங்க வர்றவங்க எத்தனை பேர்கிட்ட புதுப் போன் இருக்கு? அம்மாவுக்கு ஆபரேஷன்னு கை காலு ஓடாம ஒருத்தர் வெளிய நின்னு பாப்பார். சிக்னல் பாதிதான் இருக்கும். உங்க ஃபாண்ட் வந்து சேர்ற வரைக்கும் பக்கம் காலியா இருக்கும். வந்தாலும் கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கமா நிக்கும், இல்லேன்னா வெறும் கட்டம் கட்டமா வரும். ‘மாத்திரை போடக் கூடாது’ங்குறதுல ஒரு எழுத்து வராமப் போனா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. சின்னத்துல வச்சுக்கோங்க, வாசல்ல பெருசா எழுதி வச்சுக்கோங்க. நோயாளி படிக்கிற வரியில வேண்டாம். அங்க ஒழுங்கா வேலைக்கு வர்ற எழுத்துதான் வேணும்.”

தலைமைச் செவிலி தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். தகவல் அதிகாரி விடவில்லை. “பழைய போன்ல நீங்க சொல்றது மட்டும் நல்லா வருமா?” என்றார்.

“என்கிட்ட பழைய போன்தான் இருக்கு,” என்று தலைமைச் செவிலி சிரித்துக்கொண்டே தன் போனில் இவர்கள் செய்த பக்கத்தைத் திறந்தாள். ஏதோ ஒரு பக்கத்தைத் தொட்டு அவரிடம் நீட்டினாள். “நீங்களே படிச்சுக் காட்டுங்க சார். எல்லாரும் கேக்கட்டும்.”

“குடுங்க, நான் படிக்கிறேன்,” என்று மனைவி கையை நீட்டினாள். அவர் முந்திக்கொண்டார்.

போனை உயர்த்திப் பிடித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். “காலையில் வெறும் வயிற்றில் வரவும்,” என்று கணீரென்று படித்தார்.

தலைமைச் செவிலி முகத்தில் சிரிப்பு அப்படியே உறைந்து நின்றது.

“சார்... அது பார்வையாளர் நேரம் பக்கம்,” என்றாள் மெதுவாக. “ரெண்டு பேருக்கு மேல உள்ள விட மாட்டோம்னு போட்டிருக்கும்.”

அவர் போனைப் பார்த்தார். அவர்களைப் பார்த்தார். கடைசியாக மனைவியின் முகத்தைப் பார்த்தார். எழுத்தைத்தான் அவரால் படிக்க முடியாது. முகத்தைப் படிக்க முடிந்தது.

போனை மேசைமேல் வைத்து, பயிற்சியில் சொல்லிக்கொடுத்த மாதிரி முதல் எழுத்தின் மேல் விரலை வைத்து வரையத் தொடங்கினார். விரல் பட்டதும் பக்கம் நழுவி மேலே ஓடியது. நிறுத்திவிட்டு மறுபடி வைத்தார். மறுபடி ஓடியது. எழுத்துகள் அவர் விரலுக்கு அடியில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தன. அவள் எழுந்து போய் அவர் கைமேல் தன் கையை வைத்தாள்.

“அவருக்கு உடம்பு சரியில்ல. பக்கவாதம் மாதிரி... படிக்கிறது மட்டும் போயிருச்சு,” என்றாள்.

தகவல் அதிகாரி அவசரமாக எழுந்தார். “ஐயோ, தெரியாது மேடம். உக்காருங்க சார், தண்ணி குடிங்க. நீங்க சொன்ன ஃபாண்ட்டையே வச்சுக்கலாம். அதுவே இருக்கட்டும் சார், வேற பேச்சே இல்ல.”

இத்தனை வருஷத் தொழிலில் எந்த அலுவலகத்திலும் அவர் சொன்ன எழுத்துருவை ஒருவரும் எதிர்ப்பேச்சு இல்லாமல் ஒப்புக்கொண்டதில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு, “நன்றி,” என்றார்.

பேருந்து நிறுத்தத்தில் வெயில் அடித்தது. பக்கத்தில் ஆள் இல்லை.

“அன்னைக்கு நான் படிச்சதும் தப்புதானா?”

“மொதல் தடவ சரி.”

“ரெண்டாவது தடவ?”

அவள் பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள்.

“சொல்லு.”

“மாத்திப் போட்டேன். நீங்க அதையேதான் சொன்னீங்க.”

“ஏன்டி சொல்லல?”

“எப்படிங்க சொல்றது? அண்ணி நின்னாங்க. நீங்க அப்படிச் சிரிச்சு எவ்வளவு நாளாச்சு...”

அவர் கத்தியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கத்தவில்லை. தூரத்தில் ஒரு பேருந்து வந்தது. “நம்ம பஸ்ஸா பாரு,” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் ஆவலாகக் கேட்டாள். “என்னடா ஆச்சு? படிச்சுக் காட்டுனியா?”

“காட்டுனேன் அக்கா,” என்று சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய்விட்டார். மிச்சத்தை அவள் சொன்னாள். நாத்தனார் கேட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். நாத்தனார் திட்டுவாள் என்று அவள் எதிர்பார்த்தாள். “நானா இருந்தாலும் சரிதான்னுதான் சொல்லியிருப்பேன்,” என்றாள் நாத்தனார். அந்த வாரக் கடைசியில் கடையைத் திறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு ஊருக்குக் கிளம்பினாள். கிளம்பும்போது தம்பியிடம் எந்த யோசனையும் சொல்லவில்லை. வந்த நாளிலிருந்து அவள் யோசனை சொல்லாத ஒரே நாள் அதுதான்.

இணையதளம் வெளியானது. ஒரு புகாரும் வரவில்லை. எழுத்து ஒழுங்காக வந்தால் யாரும் போன் செய்து சொல்வதில்லை, கோளாறு வந்தால்தான் கூப்பிடுவார்கள். அவள் ஒருமுறை மருத்துவமனை வராந்தாவில் காத்திருந்தபோது, ஒரு பெண்மணி கீறல் விழுந்த போனில் அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு தன் கணவருக்கு ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். ஓர் இடத்திலும் தடுமாறவில்லை. தனக்கு அதில் சந்தோஷம் வரும் என்று நினைத்துப் பார்த்தாள், வரவில்லை.

பயிற்சிக்கு அவர் வர மறுத்துவிட்டார். முதல் வாரம் தலைவலி என்றார், அடுத்த வாரம் காரணமே சொல்லவில்லை. அவள் கெஞ்சினாள், கோபப்பட்டாள், ஒருநாள் அழுதும் பார்த்தாள்.

“ஒரு சொல்லுக்கு ஒரு நிமிஷம்,” என்றார் அவர். “அத வச்சு நான் என்ன செய்யட்டும், சொல்லு? அதுவும் நான் படிச்சதா, நானா நெனச்சுக்கிட்டதான்னு எனக்கே தெரியாது. ஒவ்வொரு தடவையும் உன் மூஞ்சியப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும். உன் மூஞ்சிய நான் எப்படி நம்புறது?”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மருத்துவமனைக்குத் தனியாகப் போய்ப் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் சொன்னாள். அந்தப் பெண் பதிவேட்டைப் புரட்டினாள். “இப்ப நிறுத்தினா வந்ததும் போயிரும் அக்கா,” என்றாள். “ஒரு மாசம் அவரு நேரத்த அப்படியே வச்சிருக்கட்டுமா?”

“வேண்டாம்மா. வேற யாராவது காத்துக்கிட்டு இருப்பாங்க.”

“ஒருத்தர் இருக்காரு. சின்ன வயசுதான், பஸ் ஓட்டுறவரு.”

“அவருக்குக் குடுங்க.”

திரும்பி வந்தபோது அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வானொலி மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தது. அவள் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டு, திரும்பாமலே கேட்டார்.

“என்ன சொன்னாங்க?”

“அந்த நேரத்த வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டாங்க.”

“யாருக்கு?”

“யாரோ பஸ் ஓட்டுறவராம். சின்ன வயசாம்.”

“ம்,” என்றார். வானொலியை அணைத்துவிட்டு, “அவனுக்காவது வரட்டும்,” என்றார்.

அவள் பையை மாட்டிவிட்டு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.